அமுக்கித் திருகவும்

மகாராணி நோரீன் அவர்களின் பனி படிந்த பாதங்களுக்கு, ஃப்ளோரிடாவிலிருந்து உன்னைப் பெற்ற பாவத்துக்கு ஆளான ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலமாக இல்லாவிட்டால் எனக்கு முன்னால் உனக்குத்தான் தகவல் வந்திருக்கும், அந்த அளவுக்கு ஆள் வைத்திருக்கிறாய். அங்கே நீ நலமா என்று கேட்க மாட்டேன். போன வாரம் வந்த உன் கடிதத்தின் சூட்டைப் பார்த்தால் அலாஸ்காவில் பனியெல்லாம் உருகி, பனி வாரும் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் உன் வேலைக்கே ஆபத்து வந்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தொட்ட தபால்காரருக்கு விரல் கொப்பளித்துவிட்டது, பாவம், வெண்ணெய் தடவி அனுப்பினேன். நேற்று ஒரு பெண் வந்து அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு என் வீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், என்னையும் சேர்த்து அளந்தாள். விற்பனைக்கு மதிப்புப் போடவாம். யாரம்மா அனுப்பியது என்றேன், உங்க பொண்ணு ஸார், ரொம்ப அன்பாப் பேசினாங்க என்றாள். அன்பு! நீ அனுப்பிய உறையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரமும் இருந்தது, பொன்கதிர் முதியோர் இல்லத்தின் படங்களும் இருந்தன. வருஷத்தில் பாதி நாள் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் இருக்கும் விடுதிக்குப் பொன்கதிர் என்று பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய புளுகன், அவனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வலது கையைப் பைபிள் மேல் வைத்து, அதாவது பைபிள் கைக்கு எட்டவில்லை, மீன்பிடிப் பத்திரிகை மேல் வைத்து உறுதி கூறுகிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையைப் பூமியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்பக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் உண்மையாக நடந்ததை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று உன் மாமன் வெண்டெலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன் என்று நான் இதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, கல்யாணத்தன்று உன் அம்மாவுக்குக்கூட. எனவே இனி வருவது பொய், அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

முதலில் நீ எனக்கு இழைத்த அநியாயத்தை நினைவூட்டுகிறேன். மார்ச்சில் இங்கே வந்தவள், வந்த களைப்பு தீர ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நேரே என் பூந்தொட்டியைக் கிளறினாய். அதில் என் நீர் மாத்திரைகள் கிடந்தன. அதை விழுங்கினால் கால் வீக்கம் வடியும், உண்மை, ஆனால் நகராட்சி மைதானத்தில் பந்தயத்தின் கடைசி ஆட்டம் நடக்கும்போது நான் கழிவறையில் இருப்பேன், அதனால் செடிக்குப் போட்டேன். அந்தச் செடி அன்று முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்க விடவில்லை, மூன்று முறை தொட்டியை விட்டு எழுந்து போய்வந்தது. இதற்காகவா ஒரு மனிதனை ஊரை விட்டு நாடு கடத்துவார்கள்? நீ தீர்ப்புச் சொன்னாய். மே மாதம் நானும் மாமனும் போகும் உல்லாசக் கப்பல் பயணம்தான் பரீட்சை. மருந்துகளை யார் உதவியும் இல்லாமல் நானே கட்டி எடுத்துப்போய், வேளை தவறாமல் சாப்பிட்டுத் திரும்பினால் வீடு என்னுடையது. தவறினால் வீடு விற்பனைக்கு, நான் பொன்கதிருக்கு. பரீட்சையை மேற்பார்க்க நீ நியமித்த ஆள் யார்? உன் அம்மாவின் அண்ணன். நாற்பது வருஷம் நகராட்சி நீச்சல் குளங்களில் நின்று, ஓடாதே, குதிக்காதே என்று ஊதல் ஊதியவன். தேவாலயத்தில் மூப்பன். என் கல்யாணத்தன்று என் முகத்தைப் பார்த்து, என் தங்கச்சிக்கு அவசரம், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை என்று வாழ்த்துரை வழங்கியவன். அந்த வாயோடு என்னை ஒரே அறையில் பூட்டினாயே, உனக்கு ஈவிரக்கம் உண்டா?

உன் கட்டளைகளை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன், இதைக் குறித்துக்கொள். மருந்துக் கடையில் கொடுத்த குப்பியிலேயே மருந்து இருக்க வேண்டும், ஒட்டியிருக்கும் சீட்டில் என் பெயர் தெரிய வேண்டும், கைப்பையில் வைத்து நானே சுமக்க வேண்டும், துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவரிடம் கொடுக்கவே கூடாது, கப்பல் தாமதமானால் என்ன செய்வதென்று சில நாள் மருந்து கூடுதலாக வேண்டும், டாக்டர் எழுதிய சீட்டின் நகல் சட்டைப் பையில் இருக்க வேண்டும். எல்லாம் செய்தேன். ரத்த அழுத்தத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு, நீருக்கு, மூட்டுக்கு, மூட்டு மாத்திரையால் புண்ணாகும் வயிற்றுக்கு என்று ஆரஞ்சுக் குப்பிகளை மேஜையில் அடுக்கினேன். பையைத் தூக்கியபோது எழுந்த கிலுகிலுப்புச் சத்தத்தில் பின்னாலிருக்கும் சதுப்பிலிருந்து கிலுகிலுப்பைப் பாம்புகள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று நினைத்துக் குடும்பத்தோடு வாசல் வரை வந்துவிட்டன, அவற்றுக்கு ஐஸ் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

அப்போது உன் மாமன் வந்தான். ஒரு கையில் கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பா, தட்டினாலே திறந்துகொள்ளும் மூடிகள் கொண்டது. மறு கையில் காகிதப் பை, அதற்குள் அவனுடைய குப்பிகள். அதைக் கொட்டிவிட்டு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான், நீதிமன்றத்தில் நிற்கிற தோரணை. மாப்ளே, உன் கண்ணும் கையும் சரியா இருக்கான்னு நான் பாக்கணும், எல்லா மூடியையும் திற, என்னுதையும் சேத்துத் திற என்றான். உன்னுதை நான் ஏன்யா திறக்கணும் என்றேன். பரீட்சைன்னா பாதிக் கேள்வி பாடப் புத்தகத்துக்கு வெளியேதான் வரும் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். அமுக்கித் திருகவும் என்று எழுதியிருக்குமே, குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கச் செய்த அந்த மூடிகள், அவற்றைக் கண்டுபிடித்தவனுக்கு மூட்டு வலி வந்ததே இல்லை. என் எலும்பு நொறுங்கிய சத்தத்தில் பக்கத்து வீட்டில் சோளப்பொரி வெடிக்கிறது என்று நினைத்துக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். திறந்ததும் தன் மாத்திரைகளை டப்பாவில் என்னையே கொட்டச் சொன்னான். ஏழு நாளுக்குப் போட்டேன். மிச்ச மாத்திரை கிடந்த குப்பிகளைக் குப்பையில போடு என்றான். மூடியை இறுக்காதே, லேசா வெச்சாப் போதும் என்று வேறு சொன்னான். குப்பையில் போகிற குப்பிக்கு மூடி எப்படி இருந்தால் இவனுக்கென்ன என்று யோசித்திருக்க வேண்டியவன் நான், யோசிக்கவில்லை, கோபம் கண்ணை மறைத்தது. கோபத்தில் நான் செய்த காரியம் என்ன தெரியுமா, அந்தக் குப்பிகளை அவன் பார்க்காதபோது இறுக்கி மூடி என் கைப்பையில் போட்டேன். ஏன்? பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியை வீசிவிட்டு டப்பாவைத் தூக்கி வந்த உன் மேற்பார்வையாளரின் யோக்கியதையை உனக்குச் சாட்சியோடு காட்டத்தான். பாசம் என்று தப்பாக நினைத்துவிடாதே.

துறைமுகத்தில் அவன் டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தூக்குகிறவரிடம் நீட்டிவிட்டான். கைப்பை தூக்கறதெல்லாம் சில்லறை மனுஷங்க வேலை என்று என் பையைப் பார்த்துச் சொன்னான். பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்பது பூனைக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்குள் வேறொன்றும் இருந்தது, அதற்குத்தான் இவ்வளவு அகம்பாவம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பெரிய மவுத்வாஷ் குப்பி. உள்ளே மவுத்வாஷ் இல்லை. வோட்கா. கேக்குக்குப் போடும் பச்சை வண்ணம் இரண்டு சொட்டு விட்டுக் கலந்தது. கப்பலில் குடிக்க விலை அதிகம் என்று இங்கே நம் குடியிருப்பில் பாதிப் பேர் செய்யும் கைவேலைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுவின் தீமையைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்குகிற மூப்பன் செய்தால் அதன் ருசியே தனி. பெட்டியைக் கப்பல்காரர்கள் கருவிக்குள் விட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். இப்படிப் பிடிபட்ட பெட்டிகளை வைக்கும் இடத்துக்குக் கப்பலில் குறும்பறை என்று பெயர், சொந்தக்காரர் நேரில் வந்து திறந்து காட்டி மீட்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டு மேஜையில் எங்களோடு உட்கார்ந்தது யாரென்றால் அவன் தேவாலயப் பாடகர் குழு மொத்தமும், தலைமையில் ஆக்னஸ் டிம்மன்ஸ். அந்த அம்மாளின் காது ஹவானாவில் யாராவது தும்மினால் இங்கிருந்தே வாழ்த்துச் சொல்லும். பெட்டி இன்னும் வரவில்லை, மதியத்திலிருந்து அவன் மாத்திரையும் போடவில்லை. இறால் சூப் வந்தது. உன் மாமன் கரண்டியைத் தூக்கினான். மகளே, அந்தக் கை ஆடிய ஆட்டத்தில் சூப்பில் அலை எழும்பிற்று, அந்த அலை மேஜை விரிப்பைத் தாண்டி அடுத்த மேஜைக்குப் போயிற்று, அங்கே இரண்டு பேருக்குக் கடல் குமட்டல் வந்துவிட்டது, கப்பல் தலைவர் புயல் என்று நினைத்துத் திசையை மாற்றினார். நான் சும்மா இருப்பேனா, மூப்பரே, பிரசங்கத்துக்கு முன்னாடி நரம்பு தளர்ந்துருச்சா என்று கேட்டேன். மேஜையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனான். அறுபது வருஷத்தில் அவன் என்னைத் திருப்பித் திட்டாதது அதுதான் முதல் தடவை, கோழிக்கறியைத் தள்ளி வைத்தேன். பின்னாலேயே போனேன், திட்டு வாங்கத்தான்.

அறையில் கட்டில் ஓரத்தில் கையைத் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னய்யா என்றேன். மாத்திரை பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு என்றான். நான் வெற்றி முரசு கொட்டாத குறையாகக் கைப்பையைத் திறந்து, அவன் பெயர் போட்ட குப்பியை எடுத்து, இந்தா, நீ குப்பையில போடச் சொன்ன குப்பை என்று அவன் மடியில் எறிந்தேன். எடுத்தான். அமுக்கினான், திருகவில்லை. திருகினான், அமுக்கவில்லை. கை ஒரு பக்கம் போகிறது, குப்பி ஒரு பக்கம் போகிறது. பல்லால் கடித்தான். சீட்டை வாங்கிப் படித்தேன், அது நடுக்கவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. எவ்வளவு நாளா என்றேன். லூயெல்லா இருந்தப்பவே, அவ போனதுக்கப்புறம் மூடி திறக்க ஆளில்லை என்றான். உன் அம்மாதான் அதுவரை அவனுக்கு மூடி திறந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் பிறகு, என்னிடம் மூச்சு விட்டதில்லை. நான் திறந்தேன். தண்ணீர்க் குவளையையும் பிடித்துக்கொண்டேன், பாதி என் சட்டையில்தான் ஊற்றினான், ராஸ்கல். அப்புறம் சொன்னான், மாப்ளே, நோரீனுக்குத் தெரிஞ்சா என் மகனுக்குத் தெரியும், கார் சாவியைப் பிடுங்கி என்னையும் எங்கயாச்சும் கொண்டு போய்ப் போட்டுருவானுங்க, சொன்னே உன்னைக் கொன்னுருவேன். எதை வெச்சுக் கொல்லுவே, சூப் கரண்டியாலயா என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அறைக்குத் தகவல் வந்தது, குறும்பறைக்கு வந்து பெட்டியை மீட்டுக்கொள்ளவும் என்று. மாத்திரை வேலை செய்ய நேரமாகும். கை நடுங்க நடுங்க வோட்காக் குப்பிக்கு முன்னால் போய் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குறும்பறைக்குப் போகிற வழியில் பாடகர் குழு வேறு அல்லேலூயா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நானே போனேன். காவல் நின்றவள் மணிலாக்காரி, எட்டடி உயரம், தோளில் கடற்காகம் கூடு கட்டியிருந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டியும் காபிக் கெட்டிலும் மெழுகுவர்த்தியும் மலை மாதிரி குவிந்திருந்தன, கடைசியாக யாரோ கொண்டுவந்த முதலைக் குட்டி ஒன்றும் பெயர் எழுதி உட்கார வைக்கப்பட்டிருந்தது. மவுத்வாஷைத் திறந்து முகர்ந்தாள். ஸார், இதைக் கொப்பளிச்சா பல்லு வெளுக்காது, ஆளு பாட ஆரம்பிச்சுடுவாரு என்றாள். பாடகர் குழுவுக்காகத்தான் அம்மா கொண்டுவந்தேன் என்றேன். இந்தப் பெட்டி உங்களுதா என்றாள். என்னுதுதான் என்றேன். பெயர்ச்சீட்டு இல்லாத இந்த மாத்திரை டப்பா? அதுவும் என்னுதுதான். இது என்ன மாத்திரைன்னு யாருக்குத் தெரியும், டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டாள், நீ சொன்னது அப்படியே பலித்தது, சந்தோஷமா? பச்சைத் திரவத்தைக் கடலில் கொட்டினார்கள், டால்பின் கூட்டம் ஒன்று குடித்துவிட்டு பஹாமாஸ் வரை பின்பக்கமாக நீந்திற்று. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அல்லேலூயா பாதியில் நின்றது. ஆக்னஸ் என்னைப் பார்த்து, நல்லவேளை, லூயெல்லா இதையெல்லாம் பாக்க உயிரோட இல்லை என்றாள்.

அதற்கப்புறம் டப்பாவும் இல்லை. கப்பல் கரை திரும்பும் வரை என் பையிலிருந்த குப்பியைத்தான் வேளைக்கு வேளை திறந்து கொடுத்தேன், ஒவ்வொரு மூடிக்கும் ஒரு வசவு கணக்கு, பழைய கல்யாண வாழ்த்துரைக்கு ஓரளவு ஈடு கட்டினேன். அவனுக்குக் கொடுக்கிற சாக்கில் என் மாத்திரையையும் போட்டுக்கொண்டேன், நீர் மாத்திரை உள்பட, ஒன்றும் தவறவில்லை. இப்போது கேள், இவ்வளவும் செய்த எனக்கு அந்தப் பாவி என்ன செய்தான்? தினமும் உனக்குத் தகவல் அனுப்பும் கடமை அவனுக்கு உண்டே. ஆர்விலைக் குறும்பறைக்குக் கூப்பிட்டார்கள், மது பிடிபட்டது, மாத்திரை டப்பாவையும் பறித்துக்கொண்டார்கள் என்று அனுப்பிவிட்டான். கழுத்தைப் பிடித்தேன். அதுல எது பொய், நீதானே போனே என்றான். ஊதல் ஊதிய புத்தி போகுமா? அந்த ஒரு வரியை நம்பி நீ வீட்டை அளக்க ஆள் அனுப்பினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம், ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. பின்பக்கம் இருக்கும் வட்டக் கறை காபிக் குவளை, அதைக் கையெழுத்து என்று நீதிமன்றம் ஏற்காது. பொன்கதிரில் எனக்காக வைத்திருக்கும் கட்டிலை வேறு யாராவது பாவப்பட்டவருக்குக் கொடு. என்னால் இங்கிருந்து நகர முடியாது. பிடிவாதம் என்று சொல்வாய். இந்த வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது, விடுப்பு எடுக்க முடியாத உத்தியோகம், அதற்கு மேல் கேட்காதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், எலும்பில் நல்ல சுண்ணாம்பும், உன்னைப் போலவே ஒரு மகளும் வாய்க்கட்டும், இதைவிடப் பெரிய சாபம் எனக்குத் தெரியாது, இதைவிடப் பெரிய ஆசீர்வாதமும் தெரியாது. பனியில் வெளியே போகும்போது காதை மூடு. மாமனுக்குப் போன் போடு, நலமா என்று குழையாதே, சந்தேகப்படுவான், வழக்கம்போல ரெண்டு திட்டுத் திட்டு. அவன் மகன் கேட்டால் மாமன் கப்பலில் காளை மாதிரி இருந்தார் என்று சொல். ஆட்டம் பார்க்க நகராட்சி மைதானத்துக்குப் போக வர இனி நான்தான் அவன் காரை ஓட்டுகிறேன், அதையும் அவன் தன் கார் மேல் எனக்குள்ள பேராசை என்றே ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறான், இருக்கட்டும்.

சொன்னபடி ஒருவரும் நம்பாத கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். பாம்பு பொய், செடி பொய், எட்டடிக்காரி பொய், டால்பின் பச்சைப் பொய், சூப்பையும் பொய் என்றே வைத்துக்கொள், வாக்கு வாக்குதான். ஆனால் மீன்பிடிப் பத்திரிகை மேல் வைத்த கை கொஞ்சம் உறுத்துகிறது, அதனால் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மூடி நிஜம். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் ஒருத்தன் காகிதப் பையோடு வருகிறான், மேஜையில் கொட்டுகிறான், திற மாப்ளே, உன் கண்ணைச் சோதிக்கணும் என்கிறான். நான் திட்டிக்கொண்டே திறக்கிறேன். திருப்பி மூடும்போது இறுக்குவதில்லை, லேசாகத்தான் வைக்கிறேன்.

இப்படிக்கு,
அளக்கப்பட்டும் விற்கப்படாத உன் அப்பா,
ஆர்வில்